இடது குச்சி

டிவியில் மாட்டி விளையாடுகிற அந்தக் கேம் பெட்டியின் விலைக்கு என்னுடைய தையல் மிஷின் மாதிரி மூன்று வாங்கலாம். வாங்கிய அன்றே இதை என் கணவரிடம் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். மூன்றாம் நாள் நான் வாயைத் திறக்கும் முன்பே அவர், "மூணு மிஷின். தெரியும். டீ போடு" என்றார். எனக்கு வாய் நீளம்தான், மறுக்கவில்லை. பத்தொன்பது வருடமாக ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து ஊரார் பேன்ட்டின் நீளத்தையெல்லாம் குறைத்துக் கொடுக்கிறேன். இதைக் குறைக்க நேரம் கிடைக்கவில்லை. வீட்டில் என் பெயரே கத்திரி.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கப்பலில் வந்து இறங்கும் பெரிய இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரியில் வைக்கிற கிரேன். நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடி அறை தொங்கும். அதற்குள் உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே கீழே பார்த்தபடி வேலை செய்ய வேண்டும். வலது கைக்கு ஒரு குச்சி, இடது கைக்கு ஒரு குச்சி. வலது குச்சி பெட்டியை ஏற்றும், இறக்கும். இடது குச்சி அந்த அறையையும் பெட்டியையும் சேர்த்துக் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே நகர்த்தும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பெட்டியைக்கூட அவர் எங்கும் இடித்ததில்லை. வீட்டில் தினமும் ஒரு டம்ளரை உடைப்பார், அது வேறு விஷயம்.

பக்கவாதம் வந்தது ஒரு விடுமுறை நாள் காலையில். ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தவர் இடது கையைப் பார்த்து, "இதென்ன, சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்றார். இன்னொரு முறை சொன்னபோது வாய் குழறியது. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. பேச்சு திரும்பி வந்தது, கால் வந்தது, முழங்கைகூட மெல்ல மடங்க ஆரம்பித்தது. விரல்கள் மட்டும் யாரோ கொடுத்துவைத்துவிட்டுப் போனதுபோல அவர் மடியில் கிடந்தன.

கம்பெனி ஆறு மாதம் விடுப்பு கொடுத்தது. அது முடிந்ததும் ஒரு சோதனை. மேலே ஏறி, அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு கைகளாலும் இருபது நிமிடம் கிரேனை ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் பழைய வேலை. இல்லையென்றால் ஒரு தொகையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த மனிதருக்குத் தரையில் என்ன வேலை தெரியும்? எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகினால்கூட நான்தான் பார்க்க வேண்டும்.

வாரம் ஒரு முறை பிசியோவிடம் போனோம். சின்னப் பெண், என் தங்கை வயதுகூட இருக்காது. ரப்பர் பந்து, மர ஆணிகள், துணி மாட்டும் கிளிப்புகள் எல்லாம் கொடுத்தாள். கூடவே ஒரு அட்டை. தினமும் நாற்பது நிமிடம் கைக்குப் பயிற்சி, செய்த நாளில் ஒரு டிக் போட வேண்டும். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கிளிப்புகளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார். மூன்றாம் நாள் டப்பாவோடு தள்ளிவிட்டார்.

"நாப்பது டன்னு தூக்கின கை இது. துணி கிளிப்ப எடுன்னா எடுக்குமா?"

"நாப்பது டன்னு தூக்கினது மிஷினு. நீங்க இல்ல" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்று முழுக்க அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் பிசியோவிடம் புகார் சொன்னேன். அவள், "பிடிச்ச வேலையா குடுங்க அக்கா. பிடிச்சா கை தானா போகும்" என்றாள்.

அவரை வீட்டில் தனியாக விடப் பயந்து மதியத்துக்கு மேல் என் கடையில் கொண்டுவந்து உட்கார வைப்பேன். எதிர்க்கடை டிவி, செல்போன் விற்கிற கடை. அங்கே வாடிக்கையாளர்கள் விளையாடிப் பார்க்க ஒரு கேம் பெட்டியை மாட்டி வைத்திருந்தார்கள். ஒரு நாள் ஜிப் மாற்றிக்கொண்டிருந்தேன், நிமிர்ந்தால் ஸ்டூலில் ஆளைக் காணோம். எதிர்க்கடையில் நின்று, அந்தப் பெட்டியை இயக்குகிற கன்ட்ரோலரை வலது கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் முகத்தில் நான் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்க்கவில்லை.

"கத்திரி, இங்க பாரு. ரெண்டு குச்சி. இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு. என் கேபின அப்படியே கைக்கு அடக்கமா பண்ணி வச்சிருக்கான்."

விலைச் சீட்டைப் பார்த்தேன்.

"ரெண்டு கட்டைவிரலுக்கு இவ்வளவு விலையா?"

"ஒரு கட்டைவிரலுக்குத்தான்" என்றார். "இன்னொண்ணு நல்லாத்தான இருக்கு."

கடை முதலாளியிடம் முன்பணம் வாங்கினேன். பிசியோவுக்குப் போன் செய்து கேட்டதற்கு, "ரொம்ப நல்லது அக்கா, நானே சொல்லலாம்னு இருந்தேன், விலைய நெனச்சுதான் சொல்லல" என்றாள். வாங்கிவிட்டோம்.

என் கொழுந்தன் ஒருவன் இருக்கிறான். எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் விலை கேட்பான். ஆஸ்பத்திரியில் அண்ணன் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோதுகூடக் கட்டிலின் விலையை நர்ஸிடம் விசாரித்தவன். அவன் வந்து பெட்டியைச் சுற்றி வந்தான்.

"அண்ணி, இது தகுமா? கொழந்தைங்க வெளையாடறது. இதே காசுக்கு நல்ல பிரிட்ஜ் வாங்கலாம்."

"உங்க அண்ணன் கைக்கு பிரிட்ஜ் பிசியோ பண்ணுமா? பேசாம உக்காந்து டீய குடிங்க" என்றேன். உள்ளுக்குள் எனக்கும் அதே கேள்விதான். அதை அவன் கேட்டதுதான் எரிச்சல்.

அவர் தேர்ந்தெடுத்த விளையாட்டில் ஒரு மனிதன் ஒரு தீவில் தனியாக இறங்குவான். மலை ஏறலாம், படகு ஓட்டலாம், எங்கே வேண்டுமானாலும் போகலாம். இடது குச்சியைத் தள்ளினால் அவன் நடப்பான். வலது குச்சியைத் தள்ளினால் திரும்பிப் பார்ப்பான். முதல் நாள் அவருடைய இடது கட்டைவிரலை நான்தான் எடுத்துக் குச்சிமேல் வைத்தேன். அது வைத்த இடத்திலேயே இருந்தது. திரையில் அந்த மனிதன் கடற்கரையில் நின்றபடி வானத்தைப் பார்த்தான், கடலைப் பார்த்தான், பின்னால் மலையைப் பார்த்தான். ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. இப்படி நான்கு நாள். நெற்றி நரம்பு புடைக்க அவர் அந்த விரலையே முறைப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொல்வார், அதுவும் அவர் சொந்த விரலைப் பார்த்து. ஐந்தாம் நாள் கன்ட்ரோலரை சோபாவில் போட்டுவிட்டு, "மூணு மிஷின் வாங்கியிருக்கலாம்" என்றார்.

அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அப்படியே கையை நீட்டி இடது குச்சியை ஒரு தள்ளு தள்ளினேன். அந்த மனிதன் நடந்தான். மணலில் கால் தடம் விழுந்தது. அவர் சட்டென்று கன்ட்ரோலரை எடுத்து வலது குச்சியைப் பிடித்தார். "தள்ளு, தள்ளு, விடாத, அந்தப் பாறைக்குப் போ" என்றார். போனோம். பாறையின் பின்னால் ஒரு ஆடு நின்றது. அந்த ஆட்டைப் பார்த்து என் கணவர் சிரித்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் கடை மூடி வந்ததும் இருவரும் சோபாவில் உட்கார்ந்துவிடுவோம். ஒரே கன்ட்ரோலர். வலது பாதி அவருக்கு, இடது பாதி எனக்கு. முதலில் அவர் கத்துவார்: இடது பக்கம், நேரா, நில்லு. இரண்டு வாரத்தில் அதற்கும் தேவை இல்லாமல் போனது. தையல் மிஷினில் துணியை ஊசிக்கு அடியில் நடத்திக்கொண்டு போவது இடது கைதான். என் இடது கைக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் எங்கே பார்க்கிறாரோ அங்கே நான் நடப்பேன். மலை உச்சிக்கு ஏறினோம். படகில் போய்ப் பக்கத்துத் தீவைப் பார்த்தோம். இருபது வருடக் குடித்தனத்தில் பாதி நாள் அவருக்கு ஷிப்டு, மீதி நாள் தூக்கம். தோளோடு தோள் ஒட்டி ஒரு மணி நேரம் நாங்கள் உட்கார்ந்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்குச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, கடையில் மடிப்பு அடித்துக்கொண்டிருக்கும்போதே எப்போது ஆறு மணி ஆகும் என்று இருக்கும்.

அடுத்த முறை கொழுந்தன் வந்தபோது நானே முந்திக்கொண்டேன். "தகுமான்னு கேட்டீங்களே, ஒவ்வொரு காசுக்கும் தகும். உங்க அண்ணன் மொகத்தப் பாருங்க" என்றேன். அவனும் பார்த்தான். பிறகு உட்கார்ந்து விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு நாளும் ஆட்டம் முடிந்ததும் பிசியோவின் அட்டையில் டிக் போட்டேன். யாரையும் ஏமாற்றப் போடவில்லை. மனுஷன் ஒரு மணி நேரம் விளையாடினார், உடம்பு தெம்பானது, பசித்துச் சாப்பிட்டார், இதெல்லாம் கைக்கும் போய்ச் சேரும் என்று நம்பினேன். அவருடைய இடது முழங்கை சில சமயம் குறுக்கே வந்து என் விலாவில் இடிக்கும். அப்போதெல்லாம் நான்தான் அந்தக் கையை எடுத்து, ஒரு தலையணைமேல் ஓரமாக வைப்பேன். வலிக்காமல்தான் வைப்பேன்.

ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் பிசியோ கையை அளந்து பார்த்தாள். அழுத்தச் சொன்னாள், விரிக்கச் சொன்னாள். பிறகு அட்டையைப் பார்த்தாள். ஒரு நாள் விடாமல் டிக். மறுபடியும் கையைப் பார்த்தாள்.

"அக்கா, தெனமும் அந்தக் குச்சியத் தள்றாருல்ல?"

"ஒரு மணி நேரம். நாப்பது நிமிஷம் சொன்னீங்க, நாங்க மேலயே பண்றோம்" என்றேன் பெருமையாக.

"அப்படின்னா கட்டைவிரல் இவ்வளவு இறுகி இருக்கக் கூடாதே. மூணாவது மாசத்துல இருந்ததவிட மோசமா இருக்கு. அடுத்த தடவ அத எடுத்துட்டு வாங்க. எப்படிப் பிடிக்கிறாருன்னு பாக்கணும்."

மறு வாரம் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனோம். அங்கே இருந்த டிவியில் அவளே மாட்டினாள். என் கணவருக்கு ஒரே உற்சாகம். "நாங்க மலைக்கு மேல வீடே கட்டிட்டோம், பாருங்க" என்று சொல்லிக்கொண்டே வலது பாதியைப் பிடித்தார். நான் நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். குறுக்கே கிடந்த கையை எடுத்து அங்கிருந்த தலையணைமேல் ஓரமாக வைத்தேன். இடது பாதியைப் பிடித்தேன். அந்த மனிதன் ஓடினான், பாலத்தில் ஏறினான், ஒரு பள்ளத்தைத் தாண்டிக் குதித்தான். நாங்கள் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிசியோ ஒன்றுமே சொல்லாததால்தான் திரும்பினேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. தலையணைமேல் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டு வாங்க எனக்குத் தெரியும். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். உபயோகிக்காத கையை மூளை கைவிட்டுவிடுமாம். முதல் சில மாதங்கள்தான் முக்கியமாம். அந்த நேரத்தில் தவித்தாலும் அதுவேதான் தள்ள வேண்டுமாம்.

"அன்னிக்கே நான் தொடாம இருந்திருந்தா வந்திருக்குமா?"

"அப்படிச் சொல்ல முடியாது அக்கா. வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல் அட்டையை மடித்தாள். "இனிமே தொடாதீங்க. இன்னும் ஏழு வாரம் இருக்கு" என்றாள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டார். கடைசியில், "நான்தான தள்ளச் சொன்னேன்" என்றார். அவர் என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருப்பேன்.

வலது கையைக் கட்டிப்போட்டால்தான் இடது கை வேலை செய்யும் என்று பிசியோ சொல்லியிருந்தாள். பழைய ஜீன்ஸ் துணியை இரட்டையாக மடித்து, விரல் பிரியாத உறை ஒன்று தைத்தேன். தினமும் அதை அவர் வலது கையில் மாட்டி மணிக்கட்டில் கட்டுவேன். பிறகு சோபாவின் மறு கோடியில் போய் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். திரையில் அந்த மனிதன் நாங்கள் கட்டிய வீட்டின் வாசலில் நிற்பான். இப்போது அவனால் திரும்பிப் பார்க்கக்கூட முடியாது.

"ஒரே ஒரு தள்ளு. கதவத் தாண்டி விட்டுடு, அப்புறம் நான் பாத்துக்கறேன்."

"மாட்டேன்."

"கத்திரி, கொஞ்சம்."

"நீங்க என்ன கேட்டாலும் மாட்டேன். பேசாம தள்ளுங்க."

ஒரு நாள் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. உறை மாட்டிய கையால் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது வாரத்தில் அந்த மனிதன் அரை அடி நகர்ந்தான். ஆறாவது வாரத்தில் மூன்று அடி நடந்து கதவில் முட்டிக்கொண்டு நின்றான். எங்களுக்குத் தலை கால் புரியவில்லை. அன்றைக்கே கொழுந்தனுக்குப் போன் செய்து சொன்னோம். அவன் விலை எதுவும் கேட்காமல், "அண்ணே, அண்ணே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் மூன்று அடி என்பது மூன்று அடிதான், அது எங்களுக்கும் தெரியும்.

அந்தப் பெட்டி தகுமா என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதில் கிடைத்த இரண்டரை மாதம் மாதிரி என் வாழ்க்கையில் இன்னொன்று கிடையாது. அதன் விலை அவருடைய கையா, இல்லையா என்பதைச் சொல்ல ஆளும் கிடையாது. கடைக்காரனிடம் விலைச் சீட்டாவது இருந்தது.

சோதனை நாள் வந்தது. காலை பத்து மணி. துறைமுகத்தின் உள்வாசலில் எனக்கு ஒரு மஞ்சள் தொப்பியைக் கொடுத்து ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். அவர் அதிகாரியோடு லிப்டில் ஏறினார். எனக்குக் கையாட்டினார், வலது கையால். கப்பல் இல்லாத கரையில் ஒரு காலிப் பெட்டியை வைத்திருந்தார்கள். அதைத் தூக்கி, கடல் பக்கம் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் வைக்க வேண்டும். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளைக்கு இருநூறு தடவை செய்த வேலை.

பெட்டி தரையை விட்டுக் கிளம்பியது. ஆட்டமே இல்லாமல், நூல் பிடித்ததுபோல் நேராக ஏறியது. பக்கத்தில் நின்ற லாரிக்காரர் ஒருவர், "பழைய ஆளுய்யா" என்றார். மேலே போய் நின்றது. இனி நகர வேண்டும். நான் அண்ணாந்து அந்தக் கண்ணாடி அறையைப் பார்த்தேன். அது கடல் பக்கமாக ஒரு முழம் நகர்ந்தது. நின்றது. இன்னொரு முழம். நின்றது. பிறகு நின்றேவிட்டது.

பெட்டியைக் கீழே இறக்கினார். மறுபடி ஏற்றினார். நேராக ஏறியது, உயரத்தில் நின்றது, அங்கேயே நின்றது. கழுத்து வலித்தும் நான் கண்ணை எடுக்கவில்லை. என் கைப்பையின் வாரை யாரோ அழுத்துவதுபோல் இருக்கக் குனிந்து பார்த்தேன். நான்தான். என் இடது கட்டைவிரல் அந்த வாரைத் தள்ளித் தள்ளி விரல் நகம் வெளுத்துப்போயிருந்தது. நாற்பது மீட்டர். அங்கே போய் ஒரு தள்ளு தள்ள எனக்கு வழி இல்லை.

இருபது நிமிடம் முடிந்ததும் லிப்டு இறங்கியது. அதிகாரி காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டே அலுவலகத்துக்குப் போனார். என் கணவர் என்னிடம் வந்து, தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். சிரிக்கப் பார்த்தார்.

"கடைசி அஞ்சு நிமிஷத்துல அதிகாரிகிட்ட கேட்டுப் பாத்தேன்" என்றார். "கீழ என் சம்சாரம் நிக்கிறா, அவ இடது பக்கம் பாத்துப்பா, மேல கூப்பிட்டுக்கட்டுமான்னு. உக்கார ஒரு சீட்டுதான் இருக்குன்னுட்டார்."

லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவருடைய இடது கையை எடுத்து என் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டின் மேலேயே நின்று அழுதேன்.